எல்லைக்கா, ஆளுக்கா, மந்தைக்கா? எந்த நாய் எதைக் காக்கும்

காவலுக்கு எந்த நாய் நல்லது என்று கேட்பவர்கள், எதைக் காக்க வேண்டும் என்று சொல்வதே இல்லை. இடத்தைக் காப்பது வேறு, ஆளைக் காப்பது வேறு. வாசலில் நிற்பவரைப் பார்த்துக் கொந்தளிக்கும் நாய், அதே ஆளைத் தெருவில் கண்டால் சட்டை செய்யாமல் போவதுண்டு.

ஜெர்மன் ஷெப்பர்டையும் டாபர்மேனையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் ஷெப்பர்டின் மூதாதைகள் வேலியில்லாத மேய்ச்சல் நிலத்தில், ஆடுகள் பக்கத்து வயலில் இறங்காதபடி ஓரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தவை. 1899-இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் அவற்றைத் தனி இனமாக வளர்க்கத் தொடங்கினார். இன்றும் பல ஷெப்பர்டுகள் மதில் ஓரமாகச் சுற்றிச் சுற்றி வரும். டாபர்மேன், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் அபோல்டா ஊரில் வரி வசூலித்த ஒருவர் தன் துணைக்கென்று உருவாக்கிய இனம் என்பார்கள். அதற்கு எஜமானர் இருக்கும் இடம்தான் எல்லை. அதைக் கொண்டுபோய் கேட் பக்கம் தனியாகக் கட்டிப்போடுவது வீண், பாவமும்கூட.

புல்மாஸ்டிஃப் இன்னொரு ரகம். இங்கிலாந்தின் வேட்டைக் காடுகளில் திருட்டுத்தனமாக நுழைபவர்களைச் சத்தமில்லாமல் நெருங்கி, குதறாமல் கீழே தள்ளி அமுக்கிப் பிடிக்க வளர்த்தார்கள். ஆகவே குரைத்து எச்சரிக்கும் என்று அதை நம்பாதீர்கள். லாப்ரடார்? வருகிறவர்களையெல்லாம் வரவேற்கும், விடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவை மந்தைக் காவல் நாய்கள்: கிரேட் பைரனீஸ், துருக்கியின் கங்கல். குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்வதால் ஆடுகளையே தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். நமீபியாவில் சீட்டா பாதுகாப்பு நிதியம் 1994 முதல் விவசாயிகளுக்கு இத்தகைய நாய்களைத் தருகிறது. நாய் குரைத்து வழிமறித்தாலே சீட்டா பெரும்பாலும் விலகிவிடும். ஆடும் பிழைக்கும், விவசாயியின் துப்பாக்கியிலிருந்து சீட்டாவும் பிழைக்கும். ஆனால் இவை உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை, தாங்களே முடிவெடுக்கும். இரவு முழுக்கக் குரைக்கும். அபார்ட்மென்டில் இதை வளர்த்தால் அக்கம்பக்கத்தார் உங்கள்மேல் பாய்வார்கள்.

இதெல்லாம் இனத்தின் போக்குதான், உத்தரவாதம் இல்லை. 2022-இல் அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை வைத்து நடந்த ஆய்வில், நாய்க்கு நாய் தெரியும் குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தால் விளக்க முடிந்தது. அதனால் குட்டி வாங்கும்போது தாய் நாய் அந்நியரிடம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து சுமார் 14-ஆவது வாரம் வரை பலதரப்பட்ட மனிதர்களோடு பழகியதா என்றும் கேளுங்கள்.

சரி, யாரோ வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும் என்றால் ராட்வைலர் மாதிரி பெரிய காவல் நாய் எதற்கு? டாக்ஸ்ஹுண்டோ பொமரேனியனோ போதும். கூரியர்காரரைப் பார்த்து அது குரைக்கும், அவரும் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். தான்தான் விரட்டியதாக நினைத்து, மறுநாள் இன்னும் பலமாகக் குரைக்கும்.