வால்பாறைச் சரிவுக்கு எந்த உயரத் தரவு: எஸ்ஆர்டிஎம்மா, கோப்பர்னிக்கஸா?

மழையில் சேறும் பாறையும் ஓடை வழியே பாயும் அபாயத்தைக் கணிக்க நிலத்தின் உயரத் தரவு வேண்டும். எஸ்ஆர்டிஎம் (நாசாவின் விண்கல ரேடார் அளவீடு), கோப்பர்னிக்கஸ் (ஐரோப்பிய உயரத் தரவு) இரண்டும் இலவசம், 30 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம். எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் அளந்தது. உயரம் முழு மீட்டரில்தான். அதனால் ஓடை அடிவாரத்து மென்சரிவு படிக்கட்டாகத் தெரியும். கோப்பர்னிக்கஸ் 2011–15 அளவீடு, தசமத்தோடு. சேறும் பாறையும் எங்கே வந்து படியும் என்று பார்க்க இதுவே மேல். ஆனால் இரண்டிலும் மர உயரம் கலந்திருக்கும்: சோலை முடிந்து தேயிலை தொடங்கும் விளிம்பில் இல்லாத மேடு எழும்.

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் தரவை யூடிஎம்முக்கு (மீட்டரில் அளக்கும் ஆள்கூற்று முறை) மாற்றுங்கள்: வால்பாறைக்கு மண்டலம் 43 வடக்கு, கொல்லிமலைக்கு 44. டிகிரியிலேயே விட்டால் சரிவுக் கோணம் அபத்தமாக வரும்.

பிறகு மெல்டன் விகிதம், அதாவது நீர்ப்பிடிப்பு (ஓடைக்கு நீர் வடியும் பரப்பு) எவ்வளவு செங்குத்து என்ற அளவு: அதன் உயர வேறுபாட்டைப் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுக்கவும். பரப்பு 1 சதுர கி.மீ., உயர வேறுபாடு 700 மீட்டர் (0.7 கி.மீ.) என்றால் 0.7. விகிதம் 0.6க்கு மேல், நீர்ப்பிடிப்பின் நீளம் 2.7 கி.மீ.க்குள் என்றால் சேறும் பாறையும் பாயக்கூடும்; ஓடையை நேரில் போய்ப் பாருங்கள். கனடாவில் வகுத்த வரம்பு இது. நம் மலைக்கு முதல் சல்லடை மட்டுமே.