வயிற்றுத் தோல் நீக்க அறுவைக்குப் பின் அழுத்த உடை: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து ஓர் அனுபவம்

பிள்ளைப்பேறுகளால் தளர்ந்து தொங்கிய வயிற்றுத் தோலை அறுவை சிகிச்சையால் நீக்கிக்கொண்டு ஓராண்டுக்கு மேலாகிறது. அதன்பின் இரவும் பகலும் அணிந்த, வயிற்றை அணைத்துப் பிடிக்கும் மீள்தன்மையுள்ள அழுத்த உடையைப் பற்றி, இனி வாங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பிரசவத்துக்குப் பின் பழைய சேலைத் துணியால் வயிற்றை இறுகக் கட்டிவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு என்பதால், எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்றே உறவினர்கள் சொல்வார்கள். அந்த அறிவுரையை இங்கே ஏற்கக் கூடாது. உடை மிகவும் இறுகினால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, கால்களிலிருந்து இரத்தம் மேலேறுவது மந்தமாகும். இந்த அறுவைக்குப் பின் இரத்தக்கட்டி உண்டாகும் அபாயம் ஏற்கெனவே இருக்கிறது. மூச்சை முழுமையாக இழுத்துவிட முடிய வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கடைக்காரர்கள் சொல்லாத ஒன்றை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அறுவையில் தோலின் நுண்ணிய நரம்புகள் அறுபடுவதால் தொப்புளுக்குக் கீழே பல மாதங்கள் உணர்ச்சியே இருப்பதில்லை. உட்காரும்போது உடை சுருண்டு மடிந்து தோலை அழுத்திப் புண்ணாக்கினாலும் நமக்கு வலி தெரியாது. எனவே கழிப்பறைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் பார்த்து மடிப்பை நீவிவிடுவேன். குனிய முடியாத முதல் நாள்களில் அக்கா அதைச் செய்தார். வெறும் வயிற்றுப் பட்டையைவிட, தொடைவரை நீண்டு பக்கவாட்டில் கொக்கியும் ஜிப்பும் உள்ள உடை குறைவாகவே சுருண்டது. அறுவை செய்த இடத்தில் சேரும் நீரை வெளியேற்றும் வடிகுழாய் இருக்கும்போது படுத்தபடியே அணியவும் முடிந்தது.

தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்வதை உடை தடுக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. எனக்குக் கண்கூடாகக் கிடைத்தது, இருமும்போதும் எழும்போதும் கிடைத்த ஆதரவுதான். அதற்காகவே மறுபடியும் அணிவேன்.

டர்பனின் டிசம்பர், ஜனவரிப் புழுக்கத்தில் இதை அணிவது பெரும் வேதனை. இயன்றவர்கள் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் சிகிச்சையை வைத்துக்கொள்ளலாம். உள்ளே தையல் துருத்தாத பருத்திப் பனியன் அணிந்தால் வியர்வை அரிப்பு குறையும். மென்மையான சோப்பில் கையால் துவைத்து நிழலில் உலர்த்த வேண்டும்; உலர்த்தும் இயந்திரத்தின் சூட்டில் மீள்தன்மை போய்விடும். மாற்றி அணிய இரண்டு வேண்டும், அழகு சிகிச்சை என்பதால் மெடிக்கல் எய்ட் எனப்படும் இங்குள்ள மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது.

மருத்துவர்கள் பெரும்பாலும் 6 வாரங்கள் அணியச் சொல்கிறார்கள். அதற்குள் வீக்கம் வடிந்து உடை தளர்ந்துவிடும். ஆகவே சிறிய அளவை முன்கூட்டியே வாங்கி வைக்காமல், அப்போது மறுபடி இடுப்பளவு எடுத்து வாங்குங்கள்.