தைப்பூச டேப்பும் சீப்புக் கோடுகளும்: டீஇன்டர்லேஸ் அனுபவம்

சில வருஷங்களாகச் சொந்தக்காரர்கள் வீட்டு மினிடிவி (MiniDV) கேமரா டேப்புகளைக் கணினிக்கு மாற்றி எடிட் செய்து கொடுக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு எல்லாம் வரும். அதிகம் வேலை வாங்குவது தைப்பூச டேப்புகள்தான். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு கோயில் வரை காவடிகள் ஆடிக்கொண்டே போகும். ஒரு காவடி சுழலும் இடத்தில் வீடியோவை நிறுத்தினால், மயிலிறகின் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரிந்து நிற்கும். பக்கத்தில் அசையாமல் நிற்பவரின் முகமோ தெளிவாகவே இருக்கும்.

இங்கே அப்போது புழங்கியவை பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைக் கேமராக்கள். வினாடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொன்றிலும் இரண்டு ஃபீல்டு. 576 வரிகளில் பாதியை முதலில் பதிவு செய்து, ஒன்று விட்டு ஒன்றாக இருக்கும் மீதி வரிகளை 1/50 வினாடி கழித்துப் பதிவு செய்யும். எடிட்டிங் மென்பொருள் இரண்டையும் ஒரே படமாகச் சேர்த்துக் காட்டும்போது, அந்த இடைவெளியில் நகர்ந்ததெல்லாம் கோடாகத் தெரிகிறது.

அதனால் இரண்டு ஃபீல்டையும் பிரித்து முழுப் படங்களாக்கும் டீஇன்டர்லேஸ்தான் முதல் வேலை. பெரிதாக்குவது, ஆட்டத்தைக் குறைப்பது, நிறம் திருத்துவது எல்லாம் அப்புறம்தான். அதையும் 25-க்குக் குறைக்காமல் 50 ஃபிரேமாக எடுக்க வேண்டும். 25-இல் பாதி அசைவு போய்விடும். காவடி ஆட்டத்தின் துள்ளல் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச வீடியோ மென்பொருளில் யாடிஃப் (yadif) என்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டரை நீண்ட நாள் பயன்படுத்தினேன். வேகம் நல்ல வேகம். ஆனால் பட்டுச்சேலையின் ஜரிகைக் கரை மினுமினுத்துக்கொண்டே இருக்கும். எதுவும் சொல்லாமல் விட்டால் 25 ஃபிரேம்தான் தரும். அதிலேயே உள்ள இன்னொரு ஃபில்டரான பிடபிள்யூடிஃப் (bwdif) தானாகவே 50 தருகிறது, ஓரங்களும் சுத்தம். கல்யாண டேப்புகளுக்கு இது போதும். காவடிக்கு மட்டும் க்யூடிஜிஎம்சி (QTGMC) என்ற டீஇன்டர்லேஸ் ஸ்கிரிப்ட். ஹைப்ரிட் (Hybrid) மென்பொருளில் நாமே எதுவும் எழுதாமலே அதை இயக்கலாம். ராத்திரி ஓடவிட்டுப் படுக்க வேண்டிய அளவுக்கு மெதுவானது. ஆனால் முன்பின் ஃபிரேம்களையும் பார்த்து விடுபட்ட வரிகளை நிரப்புவதால் வேலின் மெல்லிய கோடுகூட நடுங்காமல் நிற்கிறது. நான் பார்த்தவரை அதற்கு ஈடு இல்லை.

ஃபீல்டு வரிசையைக் கட்டாயம் பாருங்கள். மினிடிவியில் கீழ் ஃபீல்டு முதலில், ஹெச்டிவி (HDV) டேப்பில் மேல் ஃபீல்டு முதலில். கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ (MediaInfo) மென்பொருளில் திறந்தால் தெரிந்துவிடும். மாறிப்போனால், வீசும் கை ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று உதறும்.

ஒரே ஒரு வகைக் கோப்பு மட்டும் எதற்கும் மசியவில்லை. ஒரு கடையில் மாற்றிக் கொடுத்த எம்பி4: டீஇன்டர்லேஸ் செய்யாமலே 1080 வரிகளுக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். கோடுகள் வீங்கி ஒன்றோடொன்று கலந்துவிட்டால் ஃபீல்டைப் பிரிக்க வழியில்லை. நல்லவேளை, அந்த டேப்பை அத்தை பத்திரமாக வைத்திருந்தார். நீங்கள் கடையில் கொடுத்தால், ஃபயர்வயர் (FireWire) கேபிள் வழியாக டேப்பிலிருந்து எடுத்த மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபிதான் வரும்.