ரெட்டை நாடிக்கு கைபெல்லா ஊசி: சில வருடங்கள் கழித்து

எடை சரியாகத்தான் இருந்தது. ஓடினாலும் சோற்றைக் குறைத்தாலும் தாடைக்குக் கீழே தொங்கிய கொழுப்பு மட்டும் அசையவில்லை. அப்பாவுக்கும் அத்தைகளுக்கும் அதே ரெட்டை நாடி. அறுவை சிகிச்சைக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் இருப்பதால், கொழுப்பைக் கரைக்கும் கைபெல்லா ஊசி போட்டுக்கொண்டேன்.

உள்ளே இருக்கும் மருந்து டீஆக்ஸிகோலிக் அமிலம். நம் பித்தநீரில் இருப்பதுதான்; சாப்பிட்ட எண்ணெயையும் நெய்யையும் உடைத்துச் செரிக்க உதவுவது. ஊசி வழியே கொழுப்புக்குள் போனால், சோப்பு செய்கிற வேலையைச் செய்து செல்களின் சவ்வைப் பிய்த்துவிடுகிறது. செத்த செல்களை உடம்பே மெல்ல அள்ளிக்கொண்டு போகிறது. தோல், தசை போன்ற இடங்களில் புரதம் அதிகம். அது மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் சேதம் குறைவு. ஆனால் ஊசி தப்பான ஆழத்தில் இறங்கினால் தோல் புண்ணாகும், நரம்பும் அடிபடும். அதனால் விலையைப் பார்க்காமல் கையைப் பார்த்துத்தான் டாக்டரைத் தேர்ந்தெடுத்தேன்.

இதற்கு முன்பு கொழுப்பைக் கரைக்க பாஸ்பாடிடைல்கோலின் ஊசி என்று ஒன்று பிரேசிலில் பிரபலமாகிப் பல நாடுகளுக்குப் பரவியது. கூடவே கரைப்பானாகச் சேர்த்திருந்த டீஆக்ஸிகோலேட்தான் (டீஆக்ஸிகோலிக் அமிலத்தின் உப்பு) உண்மையில் கொழுப்பு செல்களை உடைக்கிறது என்பது 2004-இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. அதைத் தனியாக எடுத்து உருவாக்கிய கைபெல்லாவுக்கு 2015 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது, தாடைக்கு அடியில் உள்ள கொழுப்புக்கு மட்டும்.

தாடைக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி வைத்து, ஒவ்வொன்றிலும் 0.2 மில்லி. ஒரு முறைக்கு அதிகபட்சம் 50 புள்ளி, 10 மில்லி. குத்துவது வலிக்கவில்லை. அதற்கப்புறம் சில நிமிடங்கள் எரிந்தது பாருங்கள், மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்த மாதிரி.

உண்மையான விலை வீக்கம்தான். மறுநாள் கழுத்தே காணோம். "பொன்னுக்கு வீங்கியா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்தே வைத்திருந்தேன். சோதனைகளில் கலந்துகொண்டவர்களில் 87 சதவீதம் பேருக்கு வீக்கம் வந்ததாக மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவும் பக்கத்தில் இருந்தால் வேண்டாம். வீக்கம் வடிந்த பிறகும் உள்ளே கட்டி கட்டியாக நெருடும். மரப்பு அதைவிட நீண்ட நாள் இருந்தது. ஷேவ் செய்யும்போது பிளேடு எங்கே போகிறது என்றே தெரியாது. 4 சதவீதம் பேருக்குத் தாடை நரம்பு அடிபட்டுச் சிரிப்பு கோணியிருக்கிறது, பிறகு சரியாகிவிட்டது. ஆண்களுக்கு அந்த இடத்தில் தாடி கொட்டவும் வாய்ப்பு உண்டு. இவை இரண்டும் எனக்கு வரவில்லை.

முதல் முறைக்குப் பிறகு மாற்றம் எதுவும் தெரியாமல் எரிச்சலாக இருந்தது. குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டு, 6 முறை வரை போடலாம். எனக்கு அதற்கு முன்பே போதும் என்றாகிவிட்டது. பக்கவாட்டில் எடுத்த போட்டோவில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. நேரே பார்த்தால் பழைய நான்தான். செத்த செல்கள் திரும்பி வரவில்லை. மிச்சம் இருப்பவை பருக்கலாம் என்பதால் எடையை விடக் கூடாது. ஊருக்குப் போய் ஒரு சுற்று பெருத்துத் திரும்பியபோது நாடியும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. தோல் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு, கொழுப்பு போன பிறகு தொங்கல் கூடுதலாகத் தெரியலாம்.

செலவு ஒவ்வொரு முறையும் ஆயிரம் டாலருக்கு மேல், இன்ஷூரன்ஸ் தராது. அதனால்தான் கொழுப்பு கரைக்கும் வேறு ஊசிகளை ஆன்லைனில் மலிவாக வாங்கித் தாங்களே குத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊசிகளை அக்வாலிக்ஸ், லிப்போ லேப், கேபலின் என்று பெயர் சொல்லியே எஃப்.டி.ஏ. 2023-இல் எச்சரித்தது. நிரந்தரத் தழும்பு, கிருமித்தொற்று என்று புகார்கள் வந்திருந்தன.

என் முகத்தைப் பார்த்துவிட்டு மச்சான் தன் தொப்பைக்கும் இதைப் போடலாமா என்று கேட்டார். உள்ளங்கைகூட நிறையாத இடத்துக்கே இத்தனை மருந்து, இத்தனை வீக்கம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள் மச்சான் என்றேன். இப்போது காலையில் நடக்கப் போகிறார்.