சந்தா விலை குறைந்திருக்கிறது, எடுக்கலாமா?

அமெச்சூர் டென்னிஸ் முடிவுகளைத் தொகுத்துத் தரவரிசையும் ரேட்டிங்கும் காட்டும் தளம் ஒன்றில் பல பருவங்களாகக் கட்டணச் சந்தா வைத்திருக்கிறேன். இப்போது விலையைக் குறைத்துவிட்டார்கள். கிளப்பில் என்னோடு ஆடும் நண்பர், "இப்பவாவது எடுக்கலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். நான் இந்தச் சந்தாவை வைத்திருப்பது ஒரே வேலைக்காக: என்னுடையதும் கிளப் ஆட்டக்காரர்களுடையதுமான பதிவுகளில் பிழை பார்ப்பதற்கு.

அந்த வேலைக்கு இந்தத் தளத்தில் உள்ள டிரா (யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணை) பக்கம் அருமையானது. முதல் சுற்றிலிருந்து இறுதி ஆட்டம் வரை ஒரே திரையில் தெரியும். யார் பெயரைத் தொட்டாலும் அவர் போன வழி முழுவதும் நிறம் மாறி நிற்கும். நாக்-அவுட் டிராவைச் சரிபார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. 32 பேர் ஆடினால் 31 ஆட்டம். சாம்பியனைத் தவிர ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தோல்வி. யாருக்காவது இரண்டு தோல்வி இருந்தாலோ, சாம்பியன் அல்லாத ஒருவருக்குத் தோல்வியே இல்லாவிட்டாலோ எங்கோ பிழை இருக்கிறது. தோற்றவர்களுக்கென்று தனி டிரா நடந்திருந்தால் அதைப் பிரித்துவிட்டு எண்ண வேண்டும், அவ்வளவுதான். காகித டிராவை வைத்துக்கொண்டு செய்தால் கண் வலிக்கும் இந்த வேலை, இங்கே ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

வெற்றியாளர் பெயரும் தோற்றவர் பெயரும் மாறிப் பதிவாகும் பிழை நிறைய வரும். முதல் சுற்றில் அது நடந்தால் அடுத்த சுற்றே காட்டிக்கொடுத்துவிடும். "தோற்றவர்" இரண்டாம் சுற்றில் ஆடிக்கொண்டிருப்பார். இறுதி ஆட்டத்தில் நடந்தால் காட்டிக்கொடுக்க அடுத்த சுற்று இல்லை. குழுவாகப் பிரித்து எல்லோரும் எல்லோருடனும் ஆடும் லீக் சுற்றிலும் இதே ஆபத்து. ஆகவே நேரம் குறைவாக இருந்தால் இந்த இரண்டையும் மட்டுமாவது பாருங்கள். மற்றவை பெரும்பாலும் தாமாகவே தெரிந்துவிடும்.

ஸ்கோர்களும் அப்படித்தான். 7-6 (5) என்றால் டைபிரேக் (6-6 ஆனதும் செட்டை முடிக்கப் புள்ளிக் கணக்கில் ஆடுவது) 7-5, அடைப்பில் 8 இருந்தால் 10-8. வழக்கமான செட்டில் 7-4 என்று ஒரு ஸ்கோர் வரவே முடியாது. 6-3, 4-2 என்று நின்றால் எதிராளி நடுவில் விலகியிருப்பார், "ரிட்டயர்ட்" குறி விடுபட்டிருக்கும். விலகினால் ஆடிய ஆட்டம் கணக்கில் வரும். வாக்ஓவர் அப்படியல்ல, பந்தே அடிக்காத ஆட்டம் ரேட்டிங்கில் நுழையக் கூடாது. முதலெழுத்தோடு ஒரு முறையும் முழுப்பெயரோடு ஒரு முறையும் பதிந்ததால் ஒரே ஆளுக்கு இரண்டு ப்ரொஃபைல் உருவாவதும் உண்டு. அதைச் சொன்னால் சேர்த்துவிடுகிறார்கள், தாமதமில்லாமல். இதுவரை சொன்னவற்றில் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

என் புகார் சூப்பர் டைபிரேக் பற்றியது.

அமெச்சூர் போட்டிகள் பலவற்றில், மூன்றாவது செட்டுக்குப் பதிலாக 10 புள்ளி டைபிரேக்தான் ஆடுகிறோம். ஆனால் ஸ்கோர் பதியும் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை! மூன்று செட்டுக்கு மூன்று கட்டம், அவ்வளவுதான். அதனால் ஒரு அமைப்பாளர் 1-0 என்று போடுகிறார், இன்னொருவர் 7-6 என்று போடுகிறார், வேறொருவர் 10-2 என்று புள்ளிகளையே போட்டுவிடுகிறார். தளமும் மூன்றையும் ஏற்றுக்கொள்கிறது.

இது எழுத்துப்பிழை மாதிரி சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் கணக்கைப் பாருங்கள். ஒருவர் 6-4, 3-6, 10-2 என்று ஜெயிக்கிறார். டைபிரேக்கை 1-0 என்று எடுத்தால் இருவருக்கும் 10 கேம்; சரிபாதி. 10-2 என்பதைக் கேம்களாக எடுத்தால் வென்றவருக்கு 19, தோற்றவருக்கு 12. அதாவது வென்றவருக்கு 61 விழுக்காடு. இழுபறியாக நடந்த ஆட்டம் எளிதாக வென்ற ஆட்டமாக மாறிவிடுகிறது. செட் அளவில் எண்ணும் ரேட்டிங் முறையில் இதனால் பெரிய கேடு இல்லை. வென்ற சுற்றுக்கு இத்தனை புள்ளி என்று தரும் தரவரிசையிலும் கேடு இல்லை. ஆனால் யூடிஆர் (யுனிவர்சல் டென்னிஸ் ரேட்டிங்) போல எத்தனை விழுக்காடு கேம் வென்றோம் என்று பார்க்கும் முறையில், ஸ்கோரைப் பதிந்த விதமே ரேட்டிங்கை நகர்த்திவிடும். நான் சொல்லும் தளமும் அந்த வகைதான். தோற்றவருக்கு நடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு செட்டை எடுத்து, கடைசிவரை போராடியவரின் கணக்கில் படுதோல்வி ஏறுகிறது. அவர் இளம் ஆட்டக்காரராக இருந்தால், அடுத்த போட்டியில் எந்தப் பிரிவில் இடம் கிடைக்கும் என்பதே அந்த எண்ணை வைத்துத்தான்.

சரி, திருத்தச் சொல்லலாமே? சொல்கிறேன். திருத்துகிறார்கள். உதவிப் பிரிவில் பதில் எழுதுபவர்கள் பொறுமையானவர்கள், மரியாதையாகப் பேசுகிறார்கள், ஸ்கோர் அட்டையின் படத்தை அனுப்பினால் மறுகேள்வி கேட்பதில்லை. அப்புறம் அமைப்பாளர் வேறு ஏதோ ஒரு முடிவைச் சேர்ப்பதற்காகப் போட்டியின் கோப்பை மறுபடியும் ஏற்றுவார். நாம் வாங்கிய திருத்தம் அழிந்து பழைய 10-2 வந்து உட்கார்ந்துகொள்ளும். அறிவிப்பு வராது. எந்த நாளில் யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவும் கிடையாது. ரேட்டிங் ஏன் இறங்கியது என்று தேடிப் போனால்தான் தெரியும். ஒரே ஆட்டத்துக்கு ஒரே படத்தை மறுபடி மறுபடி அனுப்பியிருக்கிறேன். பணம் கட்டுபவனுக்கு இந்த வேலையைக் கொடுப்பது நியாயமில்லை.

அமைப்பாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். மழையில் பாதி ஆட்டம் தள்ளிப்போய், விளக்கு வெளிச்சத்தில் கடைசி ஆட்டத்தை முடித்து, வீட்டுக்குப் போய் நள்ளிரவில் முடிவுகளை ஏற்றுகிறார்கள். அவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். அவர்களுக்கு முன்னால் சரியான கட்டத்தை வைப்பது தளத்தின் பொறுப்பு. நான்காவதாக ஒரு கட்டம், அல்லது "மூன்றாவது செட் டைபிரேக்கா?" என்று ஒரு கேள்வி. வேறொன்றும் கேட்கவில்லை. இதை எழுதிக் கேட்டபோதெல்லாம் "குறித்துக்கொண்டோம்" என்றார்கள். படிவம் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தக் காலத்துக்குள் முகப்புப் பக்கத்தின் நிறம் மாறியது, ப்ரொஃபைல் படத்துக்கு வட்டச் சட்டம் வந்தது, இப்போது விலையும் இறங்கிவிட்டது.

ஆகவே நண்பருக்குச் சொல்வது: எடுக்காதீர்கள். டிரா பக்கத்தை நான் புகழ்ந்தது அத்தனையும் உண்மை. அதற்கு நிகரான ஒன்றை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. இருந்தாலும் வேண்டாம். இலவசக் கணக்கிலேயே உங்கள் கடைசி ஆட்டங்களின் ஸ்கோரைப் பார்க்கலாம். சூப்பர் டைபிரேக்கில் முடிந்த ஆட்டத்துக்கு மூன்றாவது கட்டத்தில் 1-0 தவிர வேறு எண் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், என் கணக்கிலிருந்து திருத்தம் கேட்டு அனுப்புகிறேன். ஸ்கோர் அட்டையை ஆட்டம் முடிந்ததும் ரெஃப்ரியிடம் கொடுப்பதற்கு முன்னால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், தேதி தெரியும்படி. என் சந்தா அடுத்த மாதம் முடிகிறது. அந்தக் கட்டம் வரும்வரை புதுப்பிக்கப் போவதில்லை.