ராட்சதப் பூசணி நாற்றுப் பெட்டி: விதையை வைத்திருங்கோ, மூடியைக் கழற்றுங்கோ

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் சொக்லேற்றோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுக்கும் நாற்றுப் பெட்டி இது. உள்ளே ஒளி ஊடுருவும் மூடியோடு ஒரு பிளாஸ்ரிக் தட்டு, தண்ணீர் விட்டால் ஊதிப் பெருக்கிற, வலை சுற்றிய நாற்று வில்லைகள், ‘அத்திலாந்திக் ஜயன்ட்’ விதை ஐந்து. விதை நல்ல விதை. மற்ற இரண்டும் குளிர்நாட்டுக்குச் செய்தவை. பெட்டியில் எழுதியிருக்கிறபடியே யாழ்ப்பாணத்தில் செய்தால் ஐந்தில் ஒன்று தப்பினாலே பெரிய காரியம். (வெளிநாட்டு விதை கொண்டுவர விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும். பெட்டியில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை.)

இந்த இனத்தை உருவாக்கியவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த ஹவர்ட் டில். 2023இல் இதன் வழிவந்த காய் ஒன்று 1,247 கிலோ நிறுத்து உலக சாதனை படைத்தது. அட்டைப்படம் அந்தக் கணக்கில்தான் ஆசை காட்டுகிறது. எங்கள் இரவுச் சூட்டுக்கு அந்த நிறை வராது. ஆனால் சந்தையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற காய் கிடைக்கும், நாற்று ஒழுங்காக வந்தால்.

முதல் வில்லன் மூடி. இந்த விதைக்கு முளைக்கப் பிடித்த சூடு 29 முதல் 32 பாகை. அங்கே அதற்காகச் சூடேற்றும் பாய் வாங்குகிறார்கள். இங்கே அடுப்படிப் பக்கத்து மேசையே போதும். மூடியைப் போட்டு வெயிலில் வைத்தால் ஒரு மணித்தியாலத்திலேயே உள்ளே விதை அவியத் தொடங்கும். நிழலில் வைத்தாலோ மூடியின் உட்பக்கம் துளித்துளியாக வேர்த்து, அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மார்கழி, தை இரவுகளில் மட்டும் மூடலாம். விடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, வில்லை. ஊதிய பிறகும் அகலம் நாலு சென்ரிமீற்றர்தான். விதையே இரண்டரை சென்ரிமீற்றர் நீளம்! முளைத்து மூன்றாம் நாளே வேர் வலையைத் துளைத்து வெளியே வந்து, காற்றுப் பட்டு நுனி கருகும். இதைத் தக்காளிக்கோ கத்தரிக்கோ வைத்துக்கொள்ளலாம். பூசணிக்கு ஒரு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டியின் அடியில் ஆறு ஓட்டை போட்டால் போதும். நிரப்புவதற்குத் தும்புத்தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கி அரித்த கூட்டெரு ஒரு பங்கு. தோட்டத்துச் செம்மண் வேண்டாம், அழுகல் நோய் அதோடுதான் வரும். 650 கிராம் தும்புக்கட்டி ஒன்று ஊறினால் எட்டு ஒன்பது லீற்றர் வரும். அதை மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே பாவிக்க வேண்டும், ஏனென்றால் தும்பில் உப்பு இருக்கும். அலசாமல் போட்டால் வித்திலையின் (முளையில் முதலில் விரிகிற இரண்டு தடித்த இலையின்) ஓரம் கடுதாசி எரிந்த மாதிரிப் பழுப்பாகக் காய்ந்து வரும். கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரும் அதே வேலையைச் செய்யும்.

விதைக்கும் முறையில் பெட்டி சொல்வதில் பாதி சரி. கூர்முனையை விட்டுவிட்டு மற்ற விளிம்புகளை நகம் ராவும் அரத்தால் மெல்ல ராவி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைக்கலாம். “இரவு முழுக்க ஊறவிடுங்கள்” என்பது இங்கே கூடாது. இந்தச் சூட்டில் விதை மூச்சுமுட்டி அழுகும். கூர்முனை கீழே பார்க்க, இரண்டரை சென்ரிமீற்றர் ஆழத்தில் நடவேண்டும். கலவையைக் கைப்பிடியாக அள்ளிப் பிழிந்தால் இரண்டு மூன்று துளி விழவேண்டும். ஒழுகினால் ஈரம் கூட.

மூன்று முதல் ஐந்து நாளில் முளை தெரியும். ஏழு நாளாகியும் காணவில்லையென்றால் விரலால் கிளறிப் பாருங்கோ. விதை கல்லுமாதிரி இருந்தால் இன்னும் நாலு நாள் விடலாம். அமுக்க நசிந்து நாறினால் முடிந்தது.

விதைக்கோது தொப்பி மாதிரி வித்திலையில் ஒட்டிக்கொண்டு நின்றால், மேலோட்டமாக நட்டதோ மேல்மண் காய்ந்ததோதான் காரணம். காய்ந்தபடியே இழுத்தால் இலையும் சேர்ந்து கிழியும். ஈரப்பஞ்சைக் கால்மணித்தியாலம் சுற்றி வைத்து, கோது இளகியதும் இரண்டு நகத்தால் விளிம்பைப் பிரித்தால் கழன்று வரும்.

நாற்று நெட்டையாக வளர்ந்து சரிந்தால் வெளிச்சம் காணாது. விறாந்தையில் வைத்து ‘வெயில் தாங்காது’ என்று பொத்திப் பொத்தி வளர்ப்பதால் வருகிற குறை இது. முளை வெளியே வந்த அன்றே காலை வெயிலில் வைக்க வேண்டும். பத்து மணிக்குப் பிறகு கிடுகு நிழல் போதும். ஏற்கெனவே நெட்டையானதை நடும்போது வித்திலை வரை புதைத்து நடலாம்.

மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று விடிய விழுந்து கிடந்தால் அடித்தண்டைப் பாருங்கோ. மண்ணைத் தொடும் இடம் தண்ணீரில் ஊறியது போலாகி, நூலாக மெலிந்திருந்தால் நாற்றழுகல். அதற்கு வைத்தியமில்லை. கலவையோடு எறிந்துவிட்டு, பெட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவைப்பதுதான் வழி. தண்ணீரைக் காலையில் மட்டும், அதுவும் அடித்தட்டில் ஊற்றி, இருபது நிமிடத்தில் மீதியைக் கொட்டிவிட்டால் இது பெரும்பாலும் வராது.

வித்திலைக்குப் பிறகு வருகிற முதல் உண்மையிலை நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் வந்தால் யூரியாவைத் தேடி ஓடவேண்டாம். எங்கள் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீர் காரம் கூடியது. கலவையில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்காது. நாற்றுப் பருவத்துக்குப் பீலித் தண்ணீர், அதாவது மழைத் தண்ணீர், இரண்டு கான் பிடித்து வைத்தால் காணும். இலையில் வட்ட வட்ட ஓட்டை விழுந்தால் செம்மஞ்சள் நிறப் பூசணி வண்டு. பழைய நுளம்பு வலையை நாலு தடியில் கட்டி மூடிவிட்டால் மருந்து தேவையில்லை.

பெட்டியில் “மூன்று நான்கு கிழமை கழித்து நடவும்” என்கிறார்கள். அது அங்கத்தையக் குளிர் விலகுவதற்கான கணக்கு. இங்கே எட்டு, பத்து நாளில், முதல் உண்மையிலை விரிந்ததும் நட்டுவிட வேண்டும். பிந்தினால் வேர் பெட்டிக்குள் சுற்றிச் சுருளும், பிறகு கொடி ஓடாது. மழை ஓய்ந்த தையில் நடுவதற்கு மார்கழிக் கடைசியில் விதையுங்கோ. நடும்போது ஒரு விசயம்: கொடி முதல் உண்மையிலைக்கு எதிர்ப்பக்கமாகத்தான் ஓடும். ஆகவே கொடி எந்தப் பக்கம் போகவேண்டுமோ அதற்கு முதுகு காட்டி அந்த இலையை வையுங்கோ. வேலிப் பக்கம் பார்க்க வைத்தால், கொடி வளவுக்குள் ஓடும்.