ஏ.எம்.எஸ். கரிமக் காலக்கணிப்பு: காசு கட்டும் முன்

அகழாய்வில் கிடைத்த கரித்துண்டில், உயிர் போனதிலிருந்து தேய்ந்துகொண்டே வரும் கார்பன்-14 அணுக்களை முடுக்கிக் கருவியால் எண்ணி வயது சொல்லும் இந்த ஏ.எம்.எஸ். சேவை, சொன்ன வேலையைச் சரியாகவே செய்கிறது. கெடுவது பெரும்பாலும் அனுப்புகிறவர் கையில். கீழடி நான்காம் கட்ட மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின, டெல்லியில் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான முடுக்கி ஆய்வு மையமான ஐ.யு.ஏ.சி.யிலும் இந்த வசதி உண்டு.

கதிர்வீச்சை எண்ணும் பழைய முறைக்குக் கிராம் கணக்கில் கரி வேண்டும். இதற்கு ஒரு மில்லிகிராம் கார்பன் தேறினால் போதும். ஆனாலும் 50 மி.கி. கரி அனுப்புங்கள், சுத்திகரிப்பிலேயே நிறையக் கரைந்துவிடும். அமிலத்தில் சுண்ணாம்பும் காரத்தில் மண்ணின் மட்குப் பொருளும் போகும், பிறகு மறுபடி அமிலம். பசை, பஞ்சு, பைக்குள் போடும் காகிதச் சீட்டு எதுவும் கூடாது. இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றி, ஜிப்லாக் பையில் போட்டு, விவரத்தை வெளியே எழுதுங்கள். கார்பன்-14 முழுக்கத் தீர்ந்துபோன மாதிரியில் இன்றைய கார்பன் ஒரு சதவீதம் கலந்தாலே சுமார் 37,000 ஆண்டு என்று முடிவு வரும்!

தானியமணிதான் முதல் தேர்வு, ஒரே பருவத்தில் விளைந்தது என்பதால். வைரம் பாய்ந்த தேக்குக் கட்டை, அதிலுள்ள மரவளையம் வளர்ந்த காலத்தைச் சொல்லும். அடுப்பு எரிந்த காலத்தை அல்ல. எலும்பு என்றால், வயது பார்க்கத் தேவையான கொலாஜன் என்ற புரதம் நம் வெக்கை மண்ணில் எளிதில் சிதையும். அது மிஞ்சியிருக்கிறதா என்று காட்டும் நைட்ரஜன் அளவை முதலில் பார்க்கச் சொல்லி, தேறினால் மட்டும் மேலே போங்கள்.

அறிக்கையில் முதல் பக்க எண்ணோடு நின்றுவிட வேண்டாம். 'இன்றைக்கு இத்தனை ஆண்டு முன்' என்று அதில் வரும் கணக்கில் 'இன்று' என்பது 1950. அந்த எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வளைகோடு கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறைய தட்டையாகக் கிடக்கிறது. 2450 என்று வந்தால் கி.மு. 750-ஆகவும் இருக்கலாம், 420-ஆகவும் இருக்கலாம். கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குச் சொல்லப்பட்ட கி.மு. 580-ம் இந்தத் தட்டைக்குள்தான் விழுகிறது. கருவி எவ்வளவு நுட்பமானாலும் இது தீராது. மூன்று மாதிரிக்குத்தான் பணமா? ஒரே குழியில் மேல், நடு, கீழ் அடுக்குகளில் எடுங்கள். எது முந்தியது என்ற வரிசை கைவசம் இருந்தால், காலக்கணிப்பு முடிவுகளை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் ஆக்ஸ்கால் மென்பொருள் அந்த இடைவெளியைச் சுருக்கித் தரும். ஒற்றை மாதிரிக்குப் பணம் கட்டுவது வீண்.

50,000 ஆண்டுக்கு மேற்பட்ட எதற்கும் இது உதவாது. சென்னை அருகே அத்திரம்பாக்கத்தின் இடைப் பழங்கற்காலக் கருவிகளுக்கு 3,85,000 ஆண்டு என்று சொன்னது, மண் கடைசியாக வெயில் கண்ட காலத்தைக் கணக்கிடும் ஒளிர்வு முறை. அதற்கான மண்ணில் வெயில் பட்டால் கணக்கு பூஜ்யமாகிவிடும்; வெட்டுச்சுவரில் இரும்புக் குழாயை அடித்திறக்கி, இரு முனையையும் வெளிச்சம் புகாமல் அடைத்து எடுக்க வேண்டும்.